ஈஸா நபியின் போதனைகளை ஏற்பவர் கிறிஸ்தவர் ஆகிவிடுவாரா? கல்கத்தாவில் நடந்த ஒரு விவாதம்

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு தகப்பனார் நம்மிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். அவருடைய மகள் கிறிஸ்தவ நிர்வாகத்தில் நடக்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "ஹஜ்ரத், இவ தோழிகிட்ட, 'நாங்களும் ஈஸா நபியை ஏத்துக்கிறோம், அவர் சொன்னதையும் ஏத்துக்கிறோம்'னு சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு, 'அப்படின்னா நீயும் கிறிஸ்டியன்தானே'ன்னு கேட்டிருக்கு. இவளுக்குப் பதில் தெரியல. வீட்டுல வந்து எங்கிட்ட கேட்டா, எனக்கும் தெரியல" என்றார்.

அந்தத் தோழி சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறாள். இதே கேள்வி சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் பெரும் விவாதமாக வெடித்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் நூல் நூலாக நீண்டது. அதை அறிந்தால், ஒரு கிறிஸ்தவர் "நான் இயேசுவை ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்பது நமக்கு விளங்கும்.

நம் நிலைப்பாடு வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், தூதர். தந்தையின்றி மர்யம் (அலை) அவர்களுக்குப் பிறந்தவர். அவருக்கு இன்ஜீல் அருளப்பட்டது. அதில் நேர்வழியும் ஒளியும் இருந்ததாக அல்குர்ஆன் 5:46 சொல்கிறது. என் இறைவனும் உங்கள் இறைவனும் அல்லாஹ்வே, அவனையே வணங்குங்கள் என்பதே அவர் தம் மக்களுக்கு விடுத்த அழைப்பு என்பதை 3:51 தெரிவிக்கிறது. அவர் இறைமகன் அல்லர், சிலுவையில் கொல்லப்படவும் இல்லை. ஆக, ஈஸா நபியின் போதனையை மறுப்பவர் முஸ்லிமாக இருக்க முடியாது. அந்தச் சிறுமி தோழியிடம் சொன்னதில் பிழை ஏதும் இல்லை.

சிக்கல் "ஏற்றுக்கொள்ளுதல்" என்ற சொல்லில் இருக்கிறது. நாம் அதை ஒரு பொருளில் சொல்கிறோம், அவர்கள் வேறொரு பொருளில் கேட்கிறார்கள்.

பைபிளின் புதிய ஏற்பாட்டில் இயேசுவின் போதனைகள் ஒரே இடத்தில் திரண்டு கிடப்பது மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மூன்று அதிகாரங்களில்தான். கத்தோலிக்கர் மலைப்பொழிவு என்பார்கள், மற்ற சபையினர் மலைப்பிரசங்கம் என்பார்கள். பகைவரை நேசிப்பது, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டுவது, ஆணையிடாமல் இருப்பது, பிறர் நமக்குச் செய்ய வேண்டும் என விரும்புவதை நாம் பிறருக்குச் செய்வது எல்லாம் அங்கேதான் வருகின்றன. தர்மம் செய்யும்போது வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. மறுமையில் அர்ஷின் நிழல் பெறும் ஏழு பேரைச் சொல்லும் ஹதீஸ் நமக்கு மனப்பாடம். அதில் வரும், வலக்கை கொடுத்ததை இடக்கை அறியாதபடி மறைத்துத் தர்மம் செய்த மனிதரை நினைத்துப் பாருங்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. தொழுகையையும் நோன்பையும் பிறர் பார்ப்பதற்காகச் செய்யாதீர்கள் என்று அந்த அதிகாரங்களில் உள்ள எச்சரிக்கையைப் படிக்கும் எந்த ஆலிமுக்கும் ரியா பற்றிய பாடம்தான் நினைவுக்கு வரும்.

சரி, இந்த மூன்று அதிகாரங்களையும் முழு மனதோடு ஏற்கும் ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிடுவாரா?

ராஜா ராம்மோகன் ராயின் பெயர் பள்ளிப் பாடத்தில் உடன்கட்டை ஒழிப்போடு மட்டும்தான் வரும். கல்லூரியில் கலைப்பிரிவு படித்தபோது நாமும் அவ்வளவுதான் படித்தோம். தேர்வுக்கு 1829 என்ற ஆண்டை மனப்பாடம் செய்ததோடு சரி. மதரஸா படிப்பு முடிந்து வெகுநாள் கழித்து, துஹ்ஃபத்துல் முவஹ்ஹிதீன் என்ற நூலின் பெயரைக் கேள்விப்பட்டு அதன் ஆசிரியர் யார் என்று பார்த்தால், அவரே இவர்! 'ஏகத்துவவாதிகளுக்கு ஓர் அன்பளிப்பு' என்பது அதன் பொருள். வங்காளத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் அரபியில் முன்னுரை எழுதி, நூலைப் பாரசீகத்தில் எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த நூல் அது. இதை வைத்து அவரை ஏறக்குறைய முஸ்லிம் என்று நம்மவர்கள் சிலர் எழுதுவது சரியல்ல. இறைவன் ஒருவன் என்பதை வலியுறுத்தும் அதே நூல், அற்புதங்களையும் மதங்கள் முன்வைக்கும் இடையாளர்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. அவர் எந்த மதத்தவரின் கைக்கும் முழுதாக அகப்படாத மனிதர்.

இந்த ராய், பைபிளை மூலமொழிகளில் படிக்க வேண்டும் என்பதற்காகவே எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். 1820இல் கல்கத்தாவில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் 'இயேசுவின் போதனைகள்: அமைதிக்கும் மகிழ்ச்சிக்கும் வழிகாட்டி' எனலாம். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் இயேசுவின் அறிவுரைகளையும் உவமைகளையும் மட்டும் எடுத்துச் சேர்த்திருந்தார். அற்புதங்கள், வரலாற்றுச் சம்பவங்கள், கோட்பாட்டு விவாதத்துக்கு இடமளிக்கும் வசனங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் நேரடியானது: வரலாற்றுப் பகுதிகள் சந்தேகத்துக்கும் சர்ச்சைக்கும் உள்ளாகும், இதைவிடப் பெரிய அற்புதக் கதைகளைக் கேட்டுப் பழகிய இந்நாட்டு மக்களிடம் அற்புதங்கள் எடுபடப் போவதில்லை, ஒழுக்கப் போதனை மட்டும் கற்றவர், கல்லாதவர் எல்லோருக்கும் விளங்கும்.

கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் செராம்பூர் என்ற ஊர் இருக்கிறது. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்ற பாப்திஸ்து மிஷனரிகள் அங்கே பைபிளைப் பல இந்திய மொழிகளில் பெயர்த்து அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வாக்குள்ள ஓர் இந்தியர் இயேசுவின் போதனைகளை இப்படிப் புகழ்ந்து வெளியிட்டால் அவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்கள் நடத்திய 'இந்தியாவின் நண்பன்' என்ற இதழில் கடும் மறுப்பு வந்தது. ராயை அஞ்ஞானி என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலும் குறிப்பிட்டார்கள். ஒரே இறைவனை ஏற்று, இயேசுவின் போதனையையும் புகழ்ந்தவருக்கு அந்தச் சொல் சுட்டது.

மார்ஷ்மனின் வாதத்தை நம் மேடைகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கேலியாகக் கடந்துவிடுவார்கள். அது அவ்வளவு எளிதாகக் கடக்கக்கூடியதல்ல. போதனை மனிதனுக்கு வழியைக் காட்டுகிறது, உண்மைதான். ஆனால் அதை முழுமையாக நிறைவேற்ற எந்த மனிதனாலும் இயலவில்லை. பகைவரை நேசி என்ற கட்டளையைக் கேட்ட மாத்திரத்தில் தன் இயலாமைதான் மனிதனுக்குத் தெரியவருகிறது. எனவே பாவத்திலிருந்து விடுதலை வேறிடத்திலிருந்து வர வேண்டும். இயேசு சிலுவையில் மனிதர்களுக்காகத் தம்மைப் பலியாகக் கொடுத்ததிலும், பின் உயிர்த்தெழுந்ததிலும்தான் அந்த விடுதலை இருக்கிறது. இது மார்ஷ்மன் புதிதாகச் சொன்னதல்ல. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், தாம் பெற்று ஒப்படைத்த செய்தி என்று முதலில் சொல்வதே இயேசு பாவங்களுக்காக மரித்ததையும் அடக்கம் செய்யப்பட்டதையும் மூன்றாம் நாள் எழுந்ததையும்தான். தேவாலயங்களில் சொல்லப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைக் கவனித்தால் இது இன்னும் துலக்கமாகும். கன்னி மரியாளிடம் பிறந்தார் என்ற இடத்திலிருந்து அடுத்த அடியிலேயே பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்று வந்துவிடும். இடையில் அவர் போதித்த ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி வகுத்த பிரமாணத்திலும் மலைப்பொழிவு இல்லை. இயேசு யார் என்பதுதான் இருக்கிறது.

இதற்குப் போதனை வேண்டாம் என்று பொருள் இல்லை. போதகர் யார் என்பதை ஏற்ற பின்தான் போதனைக்கு அதற்குரிய இடம் கிடைக்கிறது என்பது அவர்களின் வரிசை.

ராய் சும்மா இருக்கவில்லை. 'உண்மையின் நண்பன்' என்ற புனைபெயரில் கிறிஸ்தவப் பொதுமக்களுக்கு ஒரு முறையீட்டை அதே 1820இல் எழுதினார். 1821இல் இரண்டாம் முறையீடு, 1823இல் இறுதி முறையீடு. அவருடைய பிடி லூக்கா சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் இருந்தது. நித்திய வாழ்வுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்கிறார். இறைவனை முழு உள்ளத்தோடும் பிறரைத் தன்னைப் போலவும் நேசிக்க வேண்டும் என்று அவரே சொன்னதும், அப்படியே செய், வாழ்வாய் என்ற பொருளில் இயேசு பதில் தருகிறார். பலியைப் பற்றி அங்கே பேச்சில்லை. இயேசுவே போதும் என்று சொன்னதை நீங்கள் ஏன் போதாது என்கிறீர்கள் என்பது ராயின் கேள்வி. அடுத்தடுத்த முறையீடுகளில் திரித்துவத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்து எபிரேய, கிரேக்கச் சொற்களோடு ஆராய்ந்தார். முன்பு அவர் நூல்களை அச்சிட்ட பாப்திஸ்து மிஷன் அச்சகம் இறுதி முறையீட்டை அச்சிட மறுத்துவிட்டது. ராய் தமக்கென அச்சகமே தொடங்கி அதை வெளியிட்டார்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ராயோடு சேர்ந்து சுவிசேஷங்களை வங்காளத்தில் மொழிபெயர்க்க அமர்ந்த வில்லியம் ஆதாம் என்ற பாப்திஸ்து மிஷனரி, விவாதத்தின் போக்கில் ராயின் பக்கம் சாய்ந்து, 1821இல் திரித்துவத்தை விட்டு, இறைவன் ஒருவனே எனக் கொள்ளும் யூனிட்டேரியன் கிறிஸ்தவர் ஆனார். 'ஆதாமின் இரண்டாம் வீழ்ச்சி' என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள்.

ராய் கடைசி வரை ஞானஸ்நானம் பெறவில்லை. பின்னர் முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பரின் தூதராக, அவர் அளித்த ராஜா பட்டத்தோடு இங்கிலாந்து சென்று, 1833 செப்டம்பர் 27 அன்று பிரிஸ்டல் நகரில் இறந்தார்.

இதே 1820 வாக்கில், அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் தம் வீட்டில் அமர்ந்து இதே வேலையைக் கத்தரியால் செய்து முடித்திருந்தார். கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் புதிய ஏற்பாடுகளிலிருந்து இயேசுவின் வாழ்க்கையையும் ஒழுக்கப் போதனையையும் கத்தரித்து ஒரு நூலில் ஒட்டினார். அற்புதங்களை விட்டுவிட்டார். அது கல்லறை வாயிலில் கல்லை உருட்டி வைப்பதோடு முடிகிறது, உயிர்த்தெழுதல் இல்லை. ராய் தம் தொகுப்பை அச்சிட்டு அடி வாங்கினார், ஜெஃபர்சன் தம்முடையதை வெளியிடாமலேயே வைத்துக்கொண்டார்.

இந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று வாசகர்கள் கேட்கலாம். திரித்துவம் குறித்து ராய் எழுதியவற்றில் நமக்கு உடன்பாடானவை நிறைய உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிறிஸ்தவர் என்பவர் யார் என்ற கேள்வியில், அந்த மதத்தின் அளவுகோலின்படி மார்ஷ்மன் சொன்னதுதான் சரி. இதை நம் அனுபவத்தில் வைத்துப் பாருங்கள். மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்கர் 1978இல் வெளியிட்ட '100 பேர்' நூலில், மனித வரலாற்றில் அதிகத் தாக்கம் செலுத்தியவர்களின் பட்டியலில் நபி முஹம்மது (ஸல்) அவர்களை முதலிடத்தில் வைத்தார். அந்நூலைச் சொல்லாத மீலாது மேடை உண்டா? ஆனால் ஹார்ட்டை முஸ்லிம் என்று யாரும் சொல்வதில்லை. நபிகளாரின் நேர்மை, நீதி, ஏழைகள் மீதான பரிவு எல்லாவற்றையும் ஒருவர் போற்றலாம், பின்பற்றவும் செய்யலாம். 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்' என்று உள்ளத்தால் உறுதி கொள்ளாதவரை அவரை நாம் நல்ல மனிதர் என்போம், நண்பர் என்போம், முஸ்லிம் என்று சொல்ல மாட்டோம். கிறிஸ்தவர்களும் ராயிடம் அதே கணக்கைத்தான் போட்டார்கள். நாம் போட்டால் கொள்கை உறுதி, அவர்கள் போட்டால் பிடிவாதம் என்று சொல்ல முடியாது.

இங்கே நம்முடைய ஒரு பழைய பிழையையும் சொல்லியாக வேண்டும். இளம் வயதில் பயான்களில், "கிறிஸ்தவர்கள் ஈஸா நபியின் போதனையைக் கைவிட்டுவிட்டு வெறும் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அடித்துப் பேசியிருக்கிறோம். கைதட்டல் இல்லாத இடத்தில், தக்பீர் கிடைத்தது. கல்லூரியில் நமக்குப் பாடம் எடுத்த கிறிஸ்தவப் பேராசிரியர் ஒருவர் பின்னாளில் அதைக் கேட்டு, கோபப்படாமல், "தம்பி, அந்தச் சண்டை எங்க வீட்டுக்குள்ளேயே ஐந்நூறு வருஷமா நடக்குது. நீங்க சொன்னதைவிடக் கடுமையா எங்க ஆட்களே எழுதியிருக்காங்க" என்றார். அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தோம்.

அவர் சொன்னது உண்மை. விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று முழங்கிய மார்ட்டின் லூத்தர், செயலற்ற விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தை 1522இல் வைக்கோல் நிருபம் என்று குறைத்து எழுதினார். அதே காலத்தில் அனபாப்திஸ்துகள் என்ற பிரிவினர் மலைப்பொழிவை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். வாள் ஏந்தக் கூடாது, ஆணையிடக் கூடாது என்று 1527இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடி முடிவெடுத்தார்கள். அதற்காகக் கத்தோலிக்கர், சீர்திருத்தவாதிகள் ஆகிய இரு தரப்பினராலும் கொல்லப்பட்டார்கள். இன்றைய மென்னோனைட் சபையினர் அவர்களின் வழிவந்தவர்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ நம்பிக்கையோடு செயலும் சேர வேண்டும் என்பதை விடவில்லை. லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கரும் இது பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட 1999 வரை ஆயிற்று. ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் மலைப்பொழிவை வைத்துக்கொண்டு சபையின் கோட்பாடுகளை மறுத்தார். 1901இல் ருஷ்யத் திருச்சபை அவரை விலக்கியது. இதற்கு எதிர்முனையில், கோட்பாட்டில் அணுவளவும் விலகாத ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் மலைப்பொழிவைப் பற்றி எழுதிய நூலில், கீழ்ப்படிதல் கேட்காத அருளை மலிவான அருள் என்று சாடினார். ஹிட்லரை எதிர்த்த குற்றத்துக்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். இவரைப் பார்த்து, போதனையைக் கைவிட்டவர் என்று எந்த மேடையில் சொல்வது?

ஈமானுக்கும் அமலுக்கும் என்ன உறவு என்பதில் கவாரிஜ்களும் முர்ஜிஆக்களும் இரு ஓரங்களுக்குப் போனதை அகீதா பாடத்தில் படித்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதாகத் தெரியாது.

தமிழ் மண்ணிலும் இதன் ஒரு கிளை உண்டு. வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரில் அறியப்பட்ட தமிழர் ஒருவர் இங்கிலாந்தில் பணியாளராக இருந்தபோது யூனிட்டேரியன் நூல்களைப் படித்து, திரும்பி வந்து சென்னையில் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். 1795 அதன் தொடக்க ஆண்டாகச் சொல்லப்படுகிறது. அதாவது ராயின் தொகுப்புக்கு 25 ஆண்டுகள் முன்பே. புரசைவாக்கத்தில் அவர்களுக்கு ஓர் ஆலயமும் எழுந்தது. ராயைப் போல வெளியே நின்று போதனையை மட்டும் எடுத்துக்கொண்டவர் அல்லர் இவர். தம்மைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொண்டார், இறைவன் ஒருவனே என்றும் சொன்னார். பெரும்பான்மைச் சபைகள் அப்படிப்பட்டவர்களைத் தம்மவராக ஏற்பதில்லை.

அந்தத் தகப்பனாரிடம் நாம் சொன்னது இதுதான். மகள் தோழியிடம் இப்படிச் சொல்லட்டும்: "ஈஸா நபி அல்லாஹ்வின் தூதர் என்பதால் அவர் கொண்டுவந்த போதனையை நாங்கள் ஏற்கிறோம். நீங்கள் அவரை ஆண்டவர், மீட்பர் என்று நம்பி ஏற்கிறீர்கள். அந்த நம்பிக்கை எங்களுக்கு இல்லை. அதனால் நான் கிறிஸ்தவள் இல்லை, ஆனால் அவரை நேசிப்பவள்." தோழியின் நம்பிக்கையைத் தோழியே விளக்கட்டும், அதைக் காது கொடுத்துக் கேட்பதால் ஈமான் குறைந்துவிடாது. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவக் குழுவினர் ஈஸா நபியைப் பற்றி மதீனாவில் நபிகளாரோடு நேருக்கு நேர் விவாதித்தார்கள். அவர்கள் தங்கள் முறைப்படி பள்ளிவாசலிலேயே தொழ அனுமதிக்கப்பட்டதாக ஸீரா நூல்கள் சொல்கின்றன. வேதக்காரர்களோடு அழகிய முறையில் அன்றி விவாதிக்காதீர்கள் என்பது 29:46 தரும் கட்டளை.

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். மகள் இன்னொரு கேள்வி அனுப்பியிருந்தாள்: ஈஸா நபி போதித்தவை என்று நம் நூல்களில் தனியாக ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலின் கிதாபுஸ் ஸுஹ்திலும், இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவிலும், இன்னும் பல நூல்களிலும் அவர் சொன்னதாகப் பல செய்திகள் வருகின்றன. தரீஃப் காலிதி என்ற ஆய்வாளர் அவற்றில் 303ஐத் திரட்டி 2001இல் ஆங்கிலத்தில் ஒரே நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை உலகப் பற்றின்மை, பணிவு, நாவடக்கம் பற்றியவை. அவற்றை ஸஹீஹான ஹதீஸ் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிவிப்பாளர் தொடர் அந்த அளவுக்கு வலுவானதல்ல. அதையும் மகளிடம் சேர்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.